டெவன்ஷயர் பிரபு வீட்டுக் கதை

இராமநாதபுரம் ராஜா என்றால் அவருடைய அரண்மனை இராமநாதபுரத்தில் இருந்தது. எட்டயபுரம் ஜமீன்தார் எட்டயபுரத்தில் இருந்தார். நம் நாட்டில் பட்டத்துக்கும் ஊருக்கும் இப்படி ஒரு பொருத்தம் உண்டு. இங்கிலாந்தில் இந்தப் பொருத்தத்தை நம்பி ரயில் டிக்கட் வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். டெவன்ஷயர் டியூக்கைத் தேடிக்கொண்டு டெவன்ஷயருக்குப் போனால் அங்கே டியூக்கும் இல்லை, அவருடைய மாளிகையும் இல்லை. ஏறக்குறைய 200 மைல் வடக்கே, டார்பிஷயர் குன்றுகளின் நடுவில், டெர்வெண்ட் என்னும் சிற்றாற்றின் கரையில், சாட்ஸ்வொர்த் என்ற பெரிய மாளிகை நிற்கிறது. அதுதான் டெவன்ஷயர் டியூக்கின் வீடு.

இங்கிலாந்தில் பட்டம் வேறு, பூமி வேறு. பட்டம் அரசர் கொடுப்பது. பூமியோ விலைக்கு வாங்கியும், கலியாணம் செய்துகொண்டும், சில சமயம் பிறத்தியாரை வெளியேற்றியும் சேர்ப்பது. பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக் என்று பிரபுத்துவத்துக்கு ஐந்து படிகள் உண்டு. இந்த வீட்டார் 1694-ம் வருஷம் முதல் உச்சிப் படியில் இருக்கிறார்கள். குடும்பப் பெயர் காவெண்டிஷ். பட்டத்துக்கு உரிய மூத்த மகனை, தகப்பனார் இருக்கும்போதே, மரியாதைக்காக ஹார்ட்டிங்டன் மார்க்விஸ் என்று அழைப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் பிரஜைதான். ஆகையால் பொது ஜனங்களின் வோட்டுப் பெற்றுக் காமன்ஸ் சபையில் உட்காரலாம்.

பிரபு வம்சங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாவது ஏர்ல், இரண்டாவது ஏர்ல் என்று ஆண்களின் பெயர்களை வரிசையாக எண்ணிக்கொண்டு போவது வழக்கம். காவெண்டிஷ் வீட்டைப் பற்றி அப்படி எழுதினால் கதையின் உயிரான பகுதி விட்டுப்போகும். அந்தச் சொத்தைத் தேடியவள் ஒரு ஸ்திரீ. மூழ்க இருந்ததைக் கரையேற்றியவள் ஒரு ஸ்திரீ. அதை இரட்டிப்பாகப் பெருக்கியது ஒரு பெண் கொண்டுவந்த சீதனம். ஆனாலும் பட்டயத்தில் எழுதியிருப்பது என்னவோ ஆண் சந்ததி என்றுதான்.

நான்கு முறை மாலையிட்டவள்

எலிஸபெத் ஹார்ட்விக் என்பது அவள் பெயர். பெஸ் என்று சுருக்கி அழைப்பார்கள். டார்பிஷயரில் சொற்ப நிலம் உள்ள ஒரு குடும்பத்தில் பிறந்தவள். குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்தார். அவளுடைய சகோதரன் சிறுவன். வாரிசு மைனராயிருந்தால் அவன் வயது வரும் வரையில் நிலம் அரசர் கைக்குப் போய்விடும் என்பது அக்காலத்துச் சட்டம். அரசர் அந்த உரிமையை யாருக்காவது விலைக்கு விற்பார். வாங்கியவர் மைனர் சொத்தைச் சாறு பிழிவது போல் பிழிந்து சக்கையை மைனரிடம் கொடுப்பார். நம் ஜமீன் குடும்பங்கள் நன்றாக அறிந்திருந்த 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்ற பெயர் அந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான்.

பெஸ்ஸுக்கு மிக இளம் வயதில் ராபர்ட் பார்லோ என்ற பையனைக் கலியாணம் செய்து வைத்தார்கள். அவன் 1544-ல், வயது வருவதற்கு முன்பே, மாண்டுபோனான். விதவைக்குக் கணவன் நிலத்தின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சேர வேண்டும். கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. பதினேழு வயதுக்குச் சற்று முன்பின்னான அந்தப் பெண் நியாயஸ்தலத்துக்குப் போய், விடாமல் வழக்காடி, தன் பங்கை வாங்கினாள். பிற்காலத்தில் அவளோடு வியாஜ்யம் செய்யத் துணிந்தவர்கள் இந்தச் சங்கதியைத் தெரிந்துகொண்டிருந்தால் சற்று யோசித்திருப்பார்கள்.

இரண்டாவது கணவர் ஸர் வில்லியம் காவெண்டிஷ். 1547 ஆகஸ்டு 20-ந் தேதி, நடுநிசிக்கு மேல் இரண்டு மணிக்குக் கலியாணம் என்று அவரே தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த அகாலத்தில் முகூர்த்தம் வைத்தவர் யாரோ! மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் போல் இரண்டு பங்கு வயது. ஏற்கெனவே இரண்டு மனைவியரை இழந்தவர். எட்டாம் ஹென்றி அரசர் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தபோது, கணக்கெடுக்கப் போன உத்தியோகஸ்தர்களில் இவரும் ஒருவர். கணக்கெடுத்த கைக்கு நிலமும் கிடைத்தது. காவெண்டிஷ் வீட்டு ஆஸ்தியின் முதல் கல் துறவிகளின் பூமியில் நாட்டப்பட்டது என்று சொன்னால் தவறில்லை.

அந்த நிலங்கள் பெரும்பாலும் தென் பிரதேசத்தில் சிதறிக் கிடந்தன. அவற்றை விற்றுத் தன் சொந்த டார்பிஷயரில் வாங்கும்படி பெஸ் கணவரைத் தூண்டினாள். 1549-ல் சாட்ஸ்வொர்த் 600 பவுனுக்குக் கிரயமாயிற்று. கிரயத்தைக் கணவன் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து எழுதச் செய்ததுதான் அவளுடைய சாமர்த்தியம். விவாகமான ஸ்திரீக்குத் தனியாகச் சொத்தே கிடையாது என்பது அக்காலத்துச் சட்டம். அவள் கொண்டுவந்ததெல்லாம் கணவனுடையது. கூட்டுப் பத்திரம் ஒன்றே அதற்கு மாற்று. 1557-ல் ஸர் வில்லியம் இறந்தபோது அவர் பார்த்துவந்த அரசாங்கக் கணக்கில் 5,000 பவுனுக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. ஆறு குழந்தைகளும் அந்தக் கடனும் விதவையின் தலையில் விழுந்தன. ஆயினும் சாட்ஸ்வொர்த்தை அவள் விடவில்லை.

மூன்றாவது கணவர் ஸர் வில்லியம் ஸெயிண்ட் லோ, எலிஸபெத் ராணியின் மெய்க்காவல் தலைவர். தம் சகோதரனையும் சொந்தப் பெண்களையும் விட்டுவிட்டு ஆஸ்தி முழுவதையும் மனைவிக்கே எழுதிவைத்துவிட்டு இறந்தார். நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி ஏர்ல், நாட்டின் மிகப் பெரிய செல்வர்களில் ஒருவர். இந்த முறை அம்மாள் நிபந்தனை போட்டாள். தன் மூத்த மகனுக்கு ஏர்லின் பெண். தன் பெண் ஒருத்திக்கு ஏர்லின் மகன். ஒரே சமயத்தில் மூன்று கலியாணம்! சொத்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தன் வயிற்றுப் பேரர்களிடம்தான் வந்து சேர வேண்டும் என்பது கணக்கு.

இந்த ஏர்லின் பொறுப்பில்தான் எலிஸபெத் ராணி, ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கைதியாக 1569 முதல் பதினைந்து வருஷங்களுக்கு மேல் வைத்திருந்தாள். சாட்ஸ்வொர்த்திலும் அந்த அபாக்கியவதி பல தடவை சிறையிருந்தாள். கைதி ராணியின் செலவு ஏர்லின் பொக்கிஷத்தை அரித்தது. கணவனுக்கும் மனைவிக்கும் மூண்ட சொத்துத் தகராறோ ராணியே தலையிட்டும் தீரவில்லை. பெஸ் பிறந்த ஊருக்கே திரும்பினாள். கடனில் மூழ்கிப்போன சகோதரனின் ஹார்ட்விக் நிலத்தை விலைக்கு வாங்கினாள். 1590-ல் ஏர்ல் இறந்ததும், அறுபது வயது கடந்த அந்த மூதாட்டி புதிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கி, 1597-ல் குடிபுகுந்தாள். கண்ணாடி பொன்போல் விலை விற்ற காலத்தில் சுவரை விடச் ஜன்னலே அதிகமாகத் தோன்றும்படி கட்டினாள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதல் எழுத்துக்களைக் கல்லில் செதுக்கி நிறுத்தினாள். நான்கு கணவர்களின் பெயரையும் சுமந்தவள், கடைசியில் ஆகாயத்தில் எழுதியது தன் பெயரைத்தான். இன்றும் அவை அங்கே நிற்கின்றன.

ஆனால் சட்டம் பெஸ்ஸையும் ஒரு இடத்தில் மடக்கிவிட்டது. மூத்த மகன் ஹென்றி ஊதாரி. அவளுக்குப் பிடித்தவன் இரண்டாவது மகன் வில்லியம். இருந்தும் சாட்ஸ்வொர்த் மூத்தவனுக்கே போகும்படி முன்னமே கட்டுப்பட்டிருந்தது. 1608-ல் அம்மாள் கண்ணை மூடிய பிறகு, தம்பி அண்ணனுக்குப் பணம் கொடுத்துத்தான் அதை அடைய முடிந்தது.

10,000 பவுன் பட்டம்

அந்த வில்லியம்தான் 1618-ல் டெவன்ஷயர் ஏர்ல் ஆனவர். போரில் வென்றதற்காகவோ தர்மம் செய்ததற்காகவோ அல்ல. ஜேம்ஸ் அரசருக்கு 10,000 பவுன் கொடுத்ததற்காக! அந்த அரசர் காலத்தில் பட்டங்களுக்கு ஏறக்குறைய கடைத்தெரு விலை இருந்தது. பிரபுக்களுக்குக் கீழ்ப்பட்ட பாரனெட் என்ற பட்டத்தை 1611-ல் புதிதாக உண்டாக்கி 1,095 பவுன் என்று விலையே வைத்தார். டெவன்ஷயர் ஏர்ல் என்ற பட்டத்தை முன்னே வகித்தவர் 1606-ல் நேர் வாரிசில்லாமல் இறந்ததால் அந்தப் பெயர் அப்போது காலியாக இருந்தது. டார்பிஷயர்க்காரர் டெவன்ஷயர் பிரபுவான ரகசியத்தை இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெருமை பத்தே வருஷத்தில் மூழ்க இருந்தது. இரண்டாவது ஏர்ல் ஆடம்பரத்தில் அழிந்து, நிலத்தைக் கட்டியிருந்த கட்டை அவிழ்த்து விற்பதற்காகப் பார்லிமெண்டில் தனிச் சட்டமே செய்துகொண்டு, 1628-ல் இறந்தார். அவருடைய விதவை கிறிஸ்டியன் அம்மாள் பொறுப்பை ஏற்றாள். மகன் மைனர். கணவர் விட்டுச்சென்ற வழக்குகள் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொன்றாக நடத்தி, கடனை அடைத்து, சொத்தை மகனிடம் ஒப்புவித்தாள். சரித்திரப் புத்தகங்களில் அந்த வீட்டு வாத்தியாரான தாமஸ் ஹாப்ஸ் என்ற தத்துவ ஞானிக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. வாத்தியாருக்குச் சோறு கிடைக்கும்படி வீட்டைக் காத்தவளுக்கு இரண்டு வரி!

மூத்தவனுக்கே எல்லாம்

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு குடும்பம் 400 வருஷம் அதே மாளிகையில் எப்படி இருக்க முடியும்? நம் வீடுகளில் பாட்டனார் நூறு ஏக்கர் வைத்திருந்தால், பிள்ளைகளுக்கு இருபத்தைந்து, பேரர்களுக்கு ஐந்து, கொள்ளுப் பேரனுக்கு வரப்புத் தகராறு என்று முடிகிறதே!

பிதிரார்ஜிதத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் சமபாகம் என்பது நம் ஹிந்து தர்ம சாஸ்திரத்தின் வழி. இங்கிலாந்துப் பிரபுக்களின் வழி வேறு. பூமி முழுவதும் மூத்த மகனுக்கே. இளையவர்களுக்கு ஒரு தொகை. அதன் பிறகு பட்டாளம், பாதிரி வேலை, வக்கீல் தொழில் அல்லது கடல் கடந்த உத்தியோகம். பெண்களுக்குச் சீதனம்.

மூத்தவனும் அதற்கு முழுச் சொந்தக்காரன் அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் வக்கீல்கள் கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. தகப்பன் ஆயுட்காலம் வரையில் அனுபவிக்கலாம், விற்கக் கூடாது. அவன் மகனும் அப்படியே. பேரனுக்குத்தான் முழு உரிமை. ஆனால் பேரன் அந்த உரிமையை அடைய விடமாட்டார்கள்! மகனுக்கு 21 வயது நிரம்பியதும், கைச்செலவுக்கு வருஷப் பணம் தருவதாகச் சொல்லி, தகப்பன் அவனிடம் கையெழுத்து வாங்கிப் பழைய பத்திரத்தை ரத்து செய்து, இன்னும் ஒரு தலைமுறைக்குக் கட்டிப் போட்டுவிடுவான். இப்படித் தலைமுறைதோறும் முடிச்சு இறுகிக்கொண்டே போயிற்று. ஊதாரியானாலும் மகன் விற்க முடியாது. 1882-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகுதான் இந்த முடிச்சு தளர்ந்தது.

நிலத்துக்கு ஒரு பிரபு இருந்தே தீர வேண்டும் என்ற இந்த இங்கிலீஷ் எண்ணந்தான், கார்ன்வாலிஸ் பிரபுவின் மூலம் 1793-ல் வங்காளத்திலும், 1802-ம் வருஷத்து 25-வது ரெகுலேஷன் மூலம் சென்னை மாகாணத்திலும் நிரந்தர ஜமீன்தாரி முறையாக இறங்கியது. பாகம் பிரிக்கக் கூடாத ஜமீன்களுக்கு 1904-ல் சென்னையில் தனிச் சட்டமே வந்தது. சென்னை மாகாணத்தில் அந்த முறையை 1948-ம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. இங்கிலாந்தில் அது எப்படி வற்றியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நாலாவது ஏர்ல் முன்கோபி. ராஜ சபையில் ஒரு கர்னலைப் பிரம்பால் அடித்ததற்காக 30,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பிப் பழைய மாளிகையை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். 1688-ல் ஜேம்ஸ் அரசரை நீக்க ஹாலந்திலிருந்து வில்லியம் இளவரசரை அழைத்த எழுவரில் இவரும் கையெழுத்துப் போட்டார். வந்தவர் அரசரானார், அழைத்தவர் 1694-ல் டியூக் ஆனார். அபராதமும் மறைந்துபோயிற்று. ராஜத் துரோகத்துக்கும் தேச பக்திக்கும் உள்ள வித்தியாசம் பல சமயங்களில் ஜயிப்பதில்தான் இருக்கிறது.

ஸார்லட் பாயில் கொண்டுவந்த சீதனம்

1748-ல் நாலாவது டியூக், அப்போது ஹார்ட்டிங்டன் மார்க்விஸாக இருந்தவர், பர்லிங்டன் ஏர்லின் வாரிசான ஸார்லட் பாயிலை மணந்தார். பெண்ணுக்கு வயது 16. அவளோடு வந்த சொத்தைக் கேளுங்கள்: லண்டனில் பர்லிங்டன் மாளிகை, அருகே சிஸிக் மாளிகை, யார்க்ஷயரில் போல்டன் ஆபியும் லோண்டஸ்பரோவும், அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டையும் அதைச் சேர்ந்த விஸ்தாரமான பூமியும்! ஸார்லட் 1754-ல் வைசூரி கண்டு 23-வது வயதில் இறந்தாள். கணவர் டியூக் ஆனது 1755-ல். ஆகையால் டியூக்கின் மனைவி என்ற பட்டத்தைக்கூட அவள் ஒரு நாளும் சூடவில்லை. கணவர் 1756-ல் பிரதம மந்திரியானார்.

அவள் மகன் ஐந்தாவது டியூக். அவர் 1774-ல் மணந்த ஜார்ஜியானா ஸ்பென்ஸர், அழகுக்கும் உடைக்கும் பேச்சுக்கும் லண்டன் முழுவதும் கியாதி பெற்றவள். 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் பாக்ஸ் என்ற அரசியல்வாதிக்காகத் தெருத்தெருவாகப் போய் வோட்டுக் கேட்டாள். அவளுக்கு மட்டும் வோட்டு இல்லை! முத்தம் கொடுத்து வோட்டு வாங்கினாள் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. கணவனுக்காக வோட்டுக் கேட்கிற இந்தக் காலத்துப் பெண்மணிகளுக்கு அவளை முன்னோடி என்று சொல்லலாம். பதினாறு வருஷம் ஆண் குழந்தை பிறக்கவில்லை என்பதே அவள்மீது பெரிய குறை. சூதாட்டக் கடனோ கணவனிடம் முழுத் தொகையைச் சொல்லப் பயப்படும்படி வளர்ந்தது. 1806-ல் இறந்த பிறகுதான் கடனின் முழு உயரம் வெளிப்பட்டது.

அவளுடைய ஒரே மகன் ஆறாவது டியூக். 21 வயதில் பட்டம் ஏற்றுக் கடைசி வரையில் பிரமசாரியாக இருந்தவர். கலியாணச் செலவு மிச்சம் என்று எண்ண வேண்டாம். அதையெல்லாம் தோட்டத்துக்குச் செலவழித்தார். 1826-ல் ஜோஸப் பாக்ஸ்டன் என்ற ஏழைக் குடியானவனின் மகனை, 23 வயதுகூட நிரம்பாதவனை, தலைமைத் தோட்டக்காரனாக வைத்தார். பாக்ஸ்டன் 277 அடி நீளத்தில் கண்ணாடியாலேயே செடி மாளிகை கட்டினான். பிற்பாடு 1851-ல் லண்டனில் உலகப் பிரசித்தி பெற்ற பளிங்கு மாளிகையைக் கட்டியவனும் அவனே. ருஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு 1844-ல் இரவும் பகலும் வேலை செய்து, ஏறக்குறைய 300 அடி உயரம் பாயும் நீரூற்றை அமைத்தார்கள். சக்கரவர்த்தி வரவில்லை. நீரூற்று இருக்கிறது.

அபூர்வச் செடிகளைத் தேடி 1835-ல் புறப்பட்டு நம் நாட்டுக்கும், கல்கத்தாவுக்கும் காசி மலைகளுக்கும், டியூக்கின் ஆள் ஒருவன் வந்து போனான். மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த வாழைக் கன்று ஒன்றைப் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீட்டில் காய்க்க வைத்து, அதற்கு எஜமானின் குடும்பப் பெயரையே சூட்டினான். காவெண்டிஷ் வாழை என்று இன்று உலகமெங்கும் விலையாவது அந்த இனந்தான். நம் ஊர்க் கடைகளில் மோரிஸ் பழம் என்று சீப்புச் சீப்பாகத் தொங்குவதும் அதன் உறவே. வாழை ஏற்கெனவே கொல்லையில் இருக்கிற நமக்கு, அதற்கு ஒரு டியூக்கின் பெயர் வந்தது வேடிக்கையாக இருக்கலாம்.

அதே டியூக்கின் இன்னொரு காரியம் அவ்வளவு வேடிக்கையானதல்ல. மாளிகையிலிருந்து பார்த்தால் எடன்ஸர் என்ற கிராமம் கண்ணில் பட்டது. குடிசைகள் காட்சியைக் கெடுத்தன. பாட்டனார் காலத்திலேயே சில வீடுகள் போயிருந்தன. மிச்சத்தையும் இடித்து, மறைவான இடத்தில் கிராமத்தைப் புதிதாகக் கட்டினார். புதிய வீடுகள் அழகாகவும் உறுதியாகவும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குடியானவர்களின் சௌகரியத்துக்காக ஊர் நகரவில்லை. பழைய ஊரின் ஒரே ஒரு வீடு மட்டும் இன்றும் புல்வெளியில் தனியாக நிற்கிறது.

மரணத்தின் மேல் வரி

பிரமசாரி டியூக் 1858-ல் இறந்தபோது சுமார் 10 லட்சம் பவுன் கடன் இருந்தது. சகோதரிகள் இருந்தார்கள்; பட்டம் ஆண் வழியில் ஓடித் தூரத்து உறவினர் ஒருவரை அடைந்தது. இந்த ஏழாவது டியூக் கணித நிபுணர். கேம்பிரிட்ஜில் காவெண்டிஷ் விஞ்ஞான சாலை 1874-ல் எழுந்தது இவர் கொடையால். 1883-ல் இக்குடும்பத்துக்கு இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சுமார் 2 லட்சம் ஏக்கர் பூமியும், ஆண்டுக்கு 1,80,000 பவுன் நில வருமானமும் இருந்தன.

அவர் மகன் எட்டாவது டியூக், ஹார்ட்டிங்டன் என்ற பெயரில் 1880 முதல் 1882 வரை இந்தியா மந்திரியாக இருந்தவர். நம் தேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய லிட்டன் பிரபுவின் சட்டம் ரத்தானது அந்தக் காலத்தில்தான். அதன் பெருமையை ரிப்பன் பிரபுவுக்கே நம் மக்கள் கொடுத்தார்கள், சரியாகவே கொடுத்தார்கள். 1882 மே 6-ந் தேதி அவருடைய தம்பி பிரெடரிக், அயர்லாந்தின் தலைமைக் காரியதரிசியாக டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே, பூங்காவில் கத்திக்குத்துப்பட்டு மாண்டார். நான்கு வருஷம் கழித்துக் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குச் சுயராஜ்யம் தர முயன்றபோது, அதை எதிர்த்துக் கட்சியைப் பிளந்தவர்களில் ஹார்ட்டிங்டன் முதல்வர். தம்பியின் ரத்தம் காரணமா, லிஸ்மோர் பூமி காரணமா, கொள்கை காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்று தடவை பிரதம மந்திரி பதவி தேடி வந்தும் மறுத்தார்.

1894-ல் ஹார்கோர்ட் என்ற மந்திரி, இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின்மீது புதிய வரி போட்டார். மிகப் பெரிய ஆஸ்திக்கு நூற்றுக்கு 8. அதற்கே பிரபுக்கள் அலறினார்கள். 1919-ல் அது நூற்றுக்கு 40 ஆயிற்று; 1949-ல் 80. எட்டாவது டியூக் 1908-ல் குழந்தையில்லாமல் இறந்தபோது 5 லட்சம் பவுனுக்கு மேல் வரி. பிறகு, இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் அச்சிட்ட 25 புத்தகங்களும், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழம்பதிப்புகளும் காலிபோர்னியாவில் உள்ள ஒரு செல்வரிடம் போய்ச் சேர்ந்தன. யுத்தத்தில் நிலக்கரி கிடைக்காமல் செடிகள் குளிரில் மாண்டுபோகவே, பாக்ஸ்டனின் கண்ணாடி மாளிகையை 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். லண்டன் டெவன்ஷயர் மாளிகை விற்று இடிபட்டது. ஸார்லட் கொண்டுவந்த சிஸிக் மாளிகை 1929-ல் ஜில்லா போர்டுக்குப் போயிற்று.

பத்தாவது டியூக் 1940 முதல் 1942 முடிய இந்தியா இலாகாவின் உதவி மந்திரி. ஆகஸ்டு இயக்கத்தின்போது பிரபுக்கள் சபையில் சர்க்கார் தரப்பில் இருந்தவர் அவர்தான். அவருடைய சொந்த ஜில்லாவிலேயே காற்று மாறிக்கொண்டிருந்தது. 1944 பிப்ரவரியில் மூத்த மகன் ஹார்ட்டிங்டன், குடும்பத்தின் கோட்டையாக இருந்த மேற்கு டார்பிஷயர் தொகுதியில் நின்று, ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனிடம் 4,500-க்கு மேற்பட்ட வோட்டில் தோற்றார். மே மாதத்தில், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியின் சகோதரி காத்லீனை மணந்தார். செப்டம்பரில் பெல்ஜியத்தில் போர்முனையில் மாண்டார். காத்லீனும் 1948-ல் விமான விபத்தில் இறந்து, எடன்ஸரில் அடக்கமானாள்.

மகனை இழந்த டியூக் 1946-ல் வக்கீல்களின் யோசனைப்படி ஆஸ்தியின் பெரும் பகுதியை ஒரு டிரஸ்டுக்கு மாற்றினார். கொடுத்தவர் அதன்பின் ஐந்து வருஷம் உயிரோடிருந்தால் வரி இல்லை. 1950 நவம்பர் 26-ந் தேதி, ஈஸ்ட்போர்னில் உள்ள வீட்டுத் தோட்டத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் திடீரென்று மாரடைப்பால் விழுந்தார். வயது 55. ஐந்து வருஷம் நிறைவதற்கு 14 வாரங்களே பாக்கி. வரி நூற்றுக்கு 80.

பட்டம், ஒருபோதும் அதை எதிர்பார்த்திராத இரண்டாவது மகன் ஆண்ட்ரூவுக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. பல்லாயிரம் ஏக்கர் விலையாயிற்று. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகை வரிக்கு ஈடாகச் சர்க்காரிடம் போய், 1959-ல் நேஷனல் டிரஸ்டைச் சேர்ந்தது. மெம்லிங், ரெம்பிராண்ட், ஹோல்பைன் சித்திரங்கள் லண்டன் சித்திரசாலைகளுக்குச் சென்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிப் பொன் பூசிய பிரார்த்தனைச் சுவடி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிற்று. கடைசித் தவணை கட்டி முடிந்தது 1974-ல். நம் நாட்டிலும் இதே மாதிரி மரண வரி 1953-ல் வந்து 1985-ல் நீங்கியது.

சாட்ஸ்வொர்த் மட்டும் நின்றது. யுத்த காலத்தில் அது வேல்ஸிலிருந்து வந்த பெண்கள் பள்ளிக்கூடமாயிருந்தது. சித்திரக் கூடங்களில் மாணவிகளின் கட்டில்கள் வரிசையாக இருந்தன. இருபது வருஷம் குடும்பத்தார் வசிக்காத அந்த மாளிகைக்குள் 1959-ல் ஆண்ட்ரூவின் மனைவி டெபோரா குடிபுகுந்தாள். கூரை மட்டுமே ஒரு ஏக்கருக்கு மேல்! பார்க்க வருகிறவர்களிடம் டிக்கட் வசூலித்து வீட்டையே தன் செலவைச் சம்பாதிக்க வைப்பது என்று தீர்மானித்தாள். கோழி வளர்த்தாள், புத்தகம் எழுதினாள், 1977-ல் பண்ணை விளைபொருள் கடை திறந்தாள். டியூக்கின் சம்சாரம் மாமிசமும் முட்டையும் விற்பதா என்று முகம் சுளித்தவர்கள் பிறகு தங்கள் மாளிகைகளிலும் கடை வைத்தார்கள். 1981-ல் மாளிகையும் தோட்டமும் ஒரு பொது டிரஸ்டின் வசம் வந்தன. அது முதல், தம் முன்னோர் 600 பவுனுக்கு வாங்கிய இடத்தில் டியூக் வாடகை கொடுத்து வசிக்கிறார்.

1999-ம் வருஷத்துச் சட்டம் வம்ச பாத்தியத்தால் பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமையை 92 பேர் தவிர மற்றவர்களுக்கு இல்லாமல் செய்தது. உரிமை இழந்தவர்களில் டெவன்ஷயர் டியூக்கும் ஒருவர். ஆண்ட்ரூ 2004-ல் இறந்தார். அவர் குழந்தைகளில் மூத்தது பெண், 1943-ல் பிறந்தவள். 1694-ம் வருஷத்துப் பட்டயப்படி, அவளுக்கு அடுத்த வருஷம் பிறந்த தம்பி 12-வது டியூக் ஆனார்.